கொடுவா பிடிக்கப் படகு வாங்கலாமா?

நாலு பேர் சேர்ந்து ஒரு படகு வாங்குவது என்று முடிவு செய்தோம். அட்வான்சாக 10 ஆயிரம் ரூபாயும் கொடுத்துவிட்டோம். கணக்குப் போட்டுப் பார்த்தது அதற்குப் பிறகுதான்!

நவி மும்பைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலத்து ஓரங்களில் தூண்டிலோடு நிற்கிறவர்களைப் பார்த்து இருப்பீர்கள். வாஷியில், பேலாப்பூரில், ஐரோலியில் பார்க்கலாம். அதில் நம்மவர்கள் நிறைய உண்டு. ஆறு நாள் ஆபீசிலும் பட்டறையிலும் உழைத்துவிட்டு, ஏழாம் நாள் ஒரு தங்கூசி நரம்பும் நாலு இறாலும் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள். நானும் அப்படி ஒருவன்தான். ஒரு கம்பெனியில் கணக்கு குமாஸ்தா.

கரையில் நின்று தூண்டில் போடுகிற எல்லாருக்கும் ஒரு நாள் இந்த ஆசை வரும். "அதோ, அந்தத் தூண் அடியில் தூண்டிலைப் போட்டால் கிடைக்குமே! ஒரு படகு மட்டும் இருந்தால்..." அந்த ஆசை வந்துவிட்ட நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு மீனுக்கு எத்தனை பெயர்!

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆசைக்குக் காரணமே அதுதானே!

நம் ஊரில் கொடுவா. மலையாளிக்குக் காளாஞ்சி. கல்கத்தாக்காரர்களுக்கு பேட்கி, அங்கே கல்யாண வீட்டு விருந்தில் இந்த மீன் வறுவல் இல்லாவிட்டால் சம்பந்தி கோபித்துக்கொள்வார். ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி. இங்கிலீஷ் படித்தவர்கள் சீ பாஸ் என்பார்கள். மராட்டியத்தில் இதற்கு ஜிதாடா என்று பெயர்.

மராட்டிய அரசு 2023-ம் ஆண்டில் மாநில மீனாக வாவலை அறிவித்தது. ஆனால் ராய்கட் மாவட்டத்துக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ஜிதாடாவுக்குப் பிறகுதான் வாவல் என்பார். அலிபாக், பேண் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக் குளத்தில் இந்த மீனை வளர்ப்பார்கள். மருமகன் வந்தால் பிடிப்பார்கள். ஆபீசில் காரியம் ஆகவேண்டும் என்றால் ஒரு ஜிதாடா கொண்டு போ என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வது உண்டு.

இந்த மீனின் வாழ்க்கையே ஒரு விசித்திரக் கதை. உப்புத் தண்ணீரிலும் இருக்கும், நல்ல தண்ணீரிலும் இருக்கும். ஆற்றிலும் கழியிலும் வளரும். முட்டை போட மட்டும் உப்பு மிகுந்த முகத்துவாரத்துக்குப் போகும். பெரும்பாலான கொடுவா மீன்கள் முதலில் ஆணாகத்தான் பருவம் அடைகின்றன. சில ஆண்டுகள் ஆன பிறகு அதே மீன் பெண்ணாக மாறிவிடுகிறது! ஆகவே தூண்டிலில் மாட்டுகிற மிகப் பெரிய கொடுவா அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும்.

இதைக் கூண்டில் அடைத்துக் குஞ்சு பொரிக்க வைப்பது நெடுநாள் நம் நாட்டில் கைகூடவில்லை. சென்னையில் இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-ல் அதைச் சாதித்தது. இன்றைக்குக் கடையில் ஒரே அளவில் வரிசையாக அடுக்கி இருக்கிற கொடுவாவில் வளர்ப்பு மீனும் உண்டு. கழியில் பிடித்த மீனின் ருசி வேறு என்பது என் கட்சி. என் மனைவி இதை ஒப்புக்கொள்வது இல்லை. "புளியும் மிளகாயும் போட்டால் எல்லாம் ஒன்றுதான்" என்பது அவள் கட்சி.

கொடுவா துரத்திப் பிடிக்கிற மீன் அல்ல, பதுங்கி இருந்து பிடிக்கிற மீன். பாலத்துத் தூண், பாறை இடுக்கு, அலையாத்தி மரத்தின் வேர் என்று ஏதாவது ஒரு மறைவில் ஒதுங்கி நிற்கும். தண்ணீர் ஓடும்போது இறாலும் மடவைக் குஞ்சும் அந்த வழியாக வரும். வாயைத் திறந்து ஒரே உறிஞ்சல்! "டப்" என்று ஒரு சத்தம் கேட்கும். தூண்டில்காரனுக்கு அந்தச் சத்தத்தைவிட இனிய சங்கீதம் கிடையாது.

மறைவு எல்லாம் தண்ணீருக்கு நடுவில் இருக்கிறது. நாம் கரையில் நிற்கிறோம். படகு ஆசை பிறக்கிற இடம் இதுதான்.

நாலு பேர்

எங்கள் நாலு பேரில் மூத்தவர் அண்ணாச்சி. தூத்துக்குடி மாவட்டம், புன்னைக்காயல் பக்கம். தாமிரபரணி கடலில் கலக்கிற இடம். அவருடைய அப்பாவுக்கு அங்கே சொந்த வள்ளம் இருந்தது. ஒரு வருஷம் கடனில் அது போய்விட்டது. அண்ணாச்சி இருபது வயதில் ரெயில் ஏறி இங்கே வந்தார். தானா-பேலாப்பூர் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் 38 வருஷம் பிட்டர் வேலை. ரிடையர் ஆகி, கிராஜுவிட்டி பணம் வந்து, அதை பாங்கியில் போட்டு இருக்கிறார்.

இரண்டாவது ஆள் கோவில்பட்டிக்காரர். வாஷி மார்க்கெட்டில் ஒரு லாரி ஆபீசில் குமாஸ்தா. கடலையே மும்பைக்கு வந்துதான் பார்த்தாராம். ஆனால் படகு வாங்குவதில் எல்லாரையும்விட அவருக்குத்தான் அவசரம். மூன்றாவது ஆம்பூர்க்காரர். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் மேஸ்திரி. நாலாவது நான்.

கோளிவாடா ஒன்றில் படகு விற்பனைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். 16 அடி பைபர் படகு. கூடவே 9.9 குதிரைத்திறன் எந்திரம். பழசுதான். இரண்டும் சேர்த்து ரூ.1 லட்சத்து 40 ஆயிரம் என்றார்கள். ஆளுக்கு 35 ஆயிரம். "ஒரு பழைய மோட்டார் சைக்கிள் விலைதானே!" என்றார் கோவில்பட்டிக்காரர். அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. படகின் பக்கத்தில் போய், அணியத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பி வரும்போது, "நம்மில் யாராவது பின்வாங்கினால் அந்தப் பங்கையும் நானே போட்டுவிடுகிறேன்" என்றார்.

எனக்கு அப்போதுதான் கொஞ்சம் பயம் வந்தது. அந்தப் பணம் அவருடைய 38 வருஷம். பையன் பன்வெல் பக்கம் ஒரு அறை வீடு பார்த்துக்கொண்டு இருக்கிறான். முன்பணத்துக்கு அப்பாவைத்தான் நம்பி இருக்கிறான்.

வருஷத்தில் எத்தனை ஞாயிறு?

வீட்டுக்கு வந்து பேரேடு எழுதுகிற பழக்கத்தில் ஒரு தாளை எடுத்தேன்.

வருஷத்தில் 52 ஞாயிறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். நம் ஊரில் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. இங்கே மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எந்திரப் படகு கடலுக்குப் போகக் கூடாது. ஆகஸ்டில் தடை நீங்கினாலும், காற்றும் அலையும் நம்மைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கு நல்லது அல்ல. மீன் முட்டை போடுகிற காலமும் அதை ஒட்டித்தான். ஆகவே 17 ஞாயிறு கழிந்தது. மிச்சம் 35.

அடுத்தது தண்ணீர். இது மும்பைக்குப் புதியவர்களுக்குத் தெரியாத விஷயம். நம் ஊர்க் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் மூன்று அடி வித்தியாசம் இருந்தாலே அதிகம். மும்பையிலோ அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிய நாட்களில் நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும்! காலையில் படகு மிதந்த இடத்தில் மத்தியானம் முழங்கால் அளவு சேறுதான் இருக்கும். தண்ணீர் ஏறுவதைப் பர்தி என்றும், இறங்குவதை ஓஹோட்டி என்றும் இங்கே சொல்வார்கள்.

பர்தி எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. மராட்டியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது. திதியின் எண்ணை முக்காலால் பெருக்க வேண்டும். வருகிற விடைதான் மணி. அஷ்டமி என்றால் எட்டு. எட்டு முக்கால் ஆறு. ஆகவே அஷ்டமி அன்று காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தண்ணீர் நிரம்பி நிற்கும். தசமி என்றால் பத்து முக்கால் ஏழரை. அமாவாசை, பவுர்ணமிக்குப் பதினைந்து முக்கால் பதினொன்றே கால். கொஞ்சம் முன்னே பின்னே இருக்குமே தவிர பெரிய தப்பு வராது. வீட்டில் தொங்குகிற தினசரி காலண்டரில் திதி போட்டு இருக்கிறதே, அதுவே போதும்.

இந்தக் கணக்கை ஞாயிற்றுக்கிழமையோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தண்ணீர் நிரம்பி இருந்தால், அடுத்த ஞாயிறு அதே ஆறு மணிக்குத் தண்ணீர் வற்றிக் கிடக்கும். அதற்கு அடுத்த ஞாயிறு மறுபடியும் நிரம்பும். படகைச் சேற்றில் இருந்து இறக்கவும் திரும்ப ஏற்றவும் நிறைதண்ணீருக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று மணி நேரந்தான் கிடைக்கும். ஆகவே 35 ஞாயிறில் பாதிதான் தேறும். மற்ற ஞாயிறுகளில் உச்சி வெயிலில் இறங்கி உச்சி வெயிலில் ஏற வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று நாம் சொல்கிறோம். நம் படகு விடியற்காலையில் தண்ணீரில் இறங்குவதோ அஷ்டமி நவமியில்தான்! அந்த நாட்களில் தண்ணீரின் ஓட்டமும் மந்தம். கோளிகள் அதைப் பாங் என்று சொல்லி அலட்சியமாகக் கையை ஆட்டுவார்கள். நல்ல ஓட்டம் இருக்கிற உதாண் நாட்களில் காலையில் சேறு. மீனுக்கு ஏற்ற நாள் நமக்கு ஏற்றது அல்ல.

17 ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம். அதில் கல்யாணம், காதுகுத்து, ஊருக்குப் போகிற லீவு, தீபாவளி, பொங்கல், ஓவர்டைம், ஞாயிற்றுக்கிழமை வருகிற விருந்தாளி இத்தனையும் கழித்தேன். மிஞ்சியது 12. படகு வாங்கினால் வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை போவோம்!

பைசா கணக்கு

படகை ஏழு வருஷம் வைத்துக்கொண்டால் விலையில் வருஷத்துக்கு 20 ஆயிரம் கழியும். கோளிவாடாவில் படகை நிறுத்தி, பார்த்துக்கொள்ள மாதம் ஆயிரம் கேட்டார்கள். அது 12 ஆயிரம். வர்ணம், ஓட்டை அடைக்கிற பைபர், கயிறு, நங்கூரம் ஆகியவற்றுக்கு 8 ஆயிரம். எந்திரத்தைப் பிரித்து மாட்ட 6 ஆயிரம். உப்புத் தண்ணீரில் ஓடுகிற எந்திரத்தை ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவ வேண்டும். ஒரு தடவை சோம்பல்பட்டால் உள்ளே உப்பு பூத்துவிடும். அதை இரவில் படகிலேயே விட்டுவிட்டு வரவும் முடியாது. காலையில் இருக்காது. எடை ஏறத்தாழ 40 கிலோ. யார் வீட்டில், எந்த மாடியில் வைப்பது? ஆம்பூர்க்காரர் மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. கோவில்பட்டிக்காரர் வீட்டில் ஏற்கெனவே ஒரே அறையில் ஐந்து பேர். பெட்ரோல் வாசனை அடிக்கிற எந்திரம் ஆறாவது ஆளாகப் போக வேண்டும்.

பெட்ரோல் ஒரு தடவைக்குப் பத்து லிட்டர். மும்பையில் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல். அதோடு ஆயில் கலக்க வேண்டும். 1,150 ரூபாய் வைத்தேன். பன்னிரண்டு தடவைக்கு 13 ஆயிரத்து 800.

கூட்டினேன். வருஷத்துக்கு ரூ.59 ஆயிரத்து 800. ஒரு தடவைக்கு ஏறக்குறைய 5 ஆயிரம். ஆளுக்கு 1,250.

கொடுவா கிலோ 700 ரூபாய்க்கு நானே கடையில் வாங்கி இருக்கிறேன். அந்த விலையில், ஒவ்வொரு தடவையும் 7 கிலோ பிடித்தால்தான் போட்டது திரும்பும். என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். போன பருவத்தில் கரையில் 14 ஞாயிறு நின்று இருக்கிறேன். கிடைத்த கொடுவா மொத்தம் ஐந்து. எல்லாம் சேர்ந்து ஒன்பதரை கிலோ. கெளுத்தி கணக்கில் இல்லை. கெளுத்தி முள்ளில் குத்து வாங்கியதும் கணக்கில் இல்லை.

இதை மற்றவர்களிடம் வாசித்துக் காட்டினேன். கோவில்பட்டிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சினிமாவுக்குப் போகிறோம். டிக்கெட் காசு திரும்பி வருமா என்றா பார்க்கிறோம்? திருச்செந்தூருக்குப் போகிறோம். லாபம் பார்க்கிறோமா? வாரம் முழுதும் அடுத்தவன் லாபத்தை எழுதுகிறீர். ஞாயிற்றுக்கிழமையுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனிதனுக்கு ஒரு ஆசை வேண்டாமா? ஆனால் சினிமாவுக்கு டிக்கெட்டுதான் வாங்குகிறோம். தியேட்டரை வாங்குவது இல்லையே!

வாடகைப் படகு

கோளிவாடாவில் ஒரு படகோட்டி இருக்கிறார். ஐம்பது வயது. பாவு என்று கூப்பிடுவோம். எங்களை அண்ணா என்பார். நாலு பேருக்கும் பொதுவாக ஒரே அண்ணாதான். ஒரு பர்திக்கு, அதாவது ஏறிய தண்ணீரில் போய் இறங்குவதற்குள் திரும்பி வர, 2,500 ரூபாய் வாங்குவார். பெட்ரோல் அவருடையது. எந்தத் தூணுக்கு அடியில் எந்த நேரம் நிற்க வேண்டும் என்ற ஞானமும் அவருடையது. பன்னிரண்டு தடவைக்கு 30 ஆயிரம். சொந்தப் படகுச் செலவில் பாதி!

அவரோடு மூன்று தடவை போய் இருக்கிறோம். இரண்டு தடவை கொடுவா கிடைத்தது. மூன்றாவது தடவை "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று நாங்கள்தான் அவரைத் தடுத்துக்கொண்டு இருந்தோம். தண்ணீர் இறங்கிவிட்டது. படகு சேற்றில் உட்கார்ந்தது. நாலரை மணி நேரம்! இறங்கி நடக்கலாம் என்றால் இடுப்பு வரை புதையும். மேலே வெயில். குடிக்கத் தண்ணீர் ஒரே ஒரு பாட்டில். சுற்றிலும் பூநாரைகள் ஜம்மென்று மேய்ந்துகொண்டு இருந்தன. பாவு படகின் அடியில் படுத்துத் தூங்கிவிட்டார். எங்களுக்கு வீட்டில் என்ன சொல்வது என்ற கவலை.

அந்த நாலரை மணி நேரத்தில் பாவு ஒரு விஷயம் சொன்னார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது, இப்போது படகு போகிற தூரத்தில் கால்வாசி போனாலே வலை நிறைந்துவிடுமாம். 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. கம்பெனிக் கழிவு கழியில் கலந்தது. மீனைப் பொரித்தால் மண்ணெண்ணெய் வாடை அடித்த காலம் உண்டு. பிறகு பாலத்துக்கு மேல் பாலம். 1973-ல் வாஷிக்கு முதல் பாலம் வந்தது. அடுத்து ரெயில் பாலம், ஐரோலி பாலம், 2024-ல் கடல் மேல் அடல் பாலம். புதிய விமான நிலையத்துக்காக உல்வே ஆற்றின் போக்கையே திருப்பினார்கள். திட்டத்தால் தொழில் பாதிக்கப்படும் மீனவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்க ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று மும்பை ஐகோர்ட்டு 2021-ல் சொல்ல வேண்டி இருந்தது.

இதை அவர் சொன்னபோது அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். "தம்பி, அந்தக் கம்பெனியில்தானே நான் 38 வருஷம் சோறு தின்றேன்" என்று தமிழில் என்னிடம் மட்டும் சொன்னார்.

காகிதம் எங்கே?

செலவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

மராட்டியத்தில் 1981-ம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. மீன்பிடிப் படகுக்குப் பதிவும் வேண்டும், லைசென்சும் வேண்டும். 2021-ல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைக் கடுமையாக்கினார்கள். "நான் சும்மா பொழுதுபோக்குக்குத்தான் போகிறேன்" என்று சொல்வதற்குக் கடலில் மதிப்பு இல்லை.

2008-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதியை யாரும் மறந்து இருக்க மாட்டார்கள். பயங்கரவாதிகள் பத்துப் பேர் குஜராத் மீன்பிடிப் படகு ஒன்றைக் கடத்திக்கொண்டு வந்து, ரப்பர் படகில் கப் பரேடு மீனவர் குடியிருப்புப் பக்கம் கரை ஏறினார்கள். அதன் பிறகு மும்பைத் தண்ணீரில் போகிற ஒவ்வொரு படகும் சந்தேகத்துக்கு உரியதுதான். மீனவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள். படகுகளுக்கு மாநிலத்துக்கு ஒரு நிறம் என்று வைத்தார்கள். டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்தின் பக்கமோ, எண்ணெய்க் கப்பல் நிற்கிற தீவின் பக்கமோ தெரியாமல் போய்விட்டால் கூட, விளக்கம் சொல்வது கரையில் அல்ல, போலீஸ் நிலையத்தில். தானா கழியில் ஒரு பெரும் பகுதி 2015 முதல் பூநாரை சரணாலயம். அங்கே வனத்துறையின் கண் இருக்கிறது. மராட்டியும் இந்தியும் தட்டுத்தடுமாறிப் பேசுகிற நாலு வெளிமாநிலத்துக்காரர்கள், பதிவு இல்லாத படகில் விடியற்காலையில் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நாங்கள் வாங்க இருந்த படகின் காகிதத்தைக் கேட்டோம். "நாளைக்கு" என்றார் விற்கிறவர். இரண்டு வாரம் நாளைக்கு ஆனது. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பையில் மடித்த காகிதம் வந்தது. பதிவு அவருடைய தகப்பனார் பெயரில். தகப்பனார் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அண்ணன் தம்பிகள் மூன்று பேர். பெயர் மாற்றவில்லை. எந்திரத்துக்கு ரசீது இல்லை. எந்திரத்தின் மேல் இருந்த நம்பரை யாரோ அரம் போட்டுத் தேய்த்து இருந்தார்கள்.

பிட்டர் வேலை பார்த்த அண்ணாச்சியின் விரல் அந்த இடத்தில்தான் போய் நின்றது. "இது தேய்ந்தது இல்லை. தேய்த்தது" என்றார்.

அண்ணியின் கேள்வி

அன்று மாலை அண்ணாச்சி வீட்டில் உட்கார்ந்து இருந்தோம். அண்ணி தேநீர் கொண்டு வந்து வைத்தார். இதுவரை இந்த விஷயத்தில் அவர் ஒரு வார்த்தை பேசியது இல்லை.

"கடல்ல பொழைக்க முடியாமத்தானே இந்த ஊருக்கு வந்தோம்? இப்ப காசு குடுத்து அங்கேயே போகணுமாக்கும்?" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "இதுல எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்?" என்று கேட்டார்.

அண்ணாச்சிக்குத் தெரியும். எனக்கு ஊர்க் கிணற்றில் கற்ற நீச்சல். மற்ற இருவருக்கும் தெரியாது. மிதவைச் சட்டை வாங்குவது பற்றி எங்கள் கணக்கில் ஒரு வரி கூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வர்ணத்துக்குப் பணம் ஒதுக்கினோம். உயிருக்கு ஒதுக்கவில்லை!

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் கணக்கு குமாஸ்தாக்களுக்கு உரிய கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உள்ளவனுக்குத்தான் வருஷத்தில் பன்னிரண்டு தடவை. அண்ணாச்சி ரிடையர் ஆனவர். செவ்வாய்க்கிழமை தண்ணீர் நிரம்பினால் செவ்வாய்க்கிழமை போகலாம். அவருக்கு வருஷத்தில் அறுபது எழுபது நாள் கிடைக்கும். அப்போது தடவைக்கு ஆகிற செலவு 2 ஆயிரத்துக்குள் வந்துவிடும். ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும் அப்படித்தான். கழி ஓரத்தில் வீடும், காகிதம் சரியான படகும், தண்ணீர் தெரிந்த ஒரு துணையும் இருந்தால் அவர்கள் வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். அவருக்கு இதைச் சொல்லாமல் மறைப்பது துரோகம் என்று எண்ணி, அண்ணி முன்னாலேயே சொன்னேன்.

அண்ணாச்சி தேநீரைக் குடித்து முடித்தார். "வார நாளில் நீங்க மூணு பேரும் ஆபீசில் இருப்பீங்க. 61 வயசில் நான் தனியாகத்தானே போகணும்? எங்க அப்பாவே தனியாகப் போனது இல்லை, தம்பி" என்றார்.

படகை வாங்கவில்லை. அட்வான்சில் 7 ஆயிரம் திரும்பி வந்தது. மூவாயிரம் போனது போனதுதான். "படகைக் கழுவி வைத்த கூலி" என்றார்கள். கோவில்பட்டிக்காரர் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்த தடவை பாவுவின் படகில் போனபோது, நடுத்தண்ணீரில் எந்திரம் இருமத் தொடங்கியது. பாவு கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். அண்ணாச்சி மடியில் இருந்து ஒரு சிறிய ஸ்பேனர் எடுத்தார். (எதற்காக மடியில் ஸ்பேனர் வைத்து இருந்தார் என்று கேட்காதீர்கள். 38 வருஷப் பழக்கம்.) கார்புரேட்டரைக் கழற்றி, ஊதி, துடைத்து மாட்டினார். எந்திரம் பாட ஆரம்பித்தது. கோளிவாடாவில் இப்படி இருமுகிற எந்திரம் இன்னும் ஏழெட்டு இருக்கிறதாம்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் அண்ணாச்சி அங்கேதான் இருக்கிறார். எந்திரம் பார்த்துக் கொடுக்கிறார். கூலி கொடுத்தால் வாங்குவது இல்லை. பாவு போகும்போது கூடப் போகிறார். போன மாதம் பாலத்துத் தூண் அடியில் மூன்றே முக்கால் கிலோவில் ஒரு கொடுவா. பையனின் வீட்டுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. அண்ணி புளிக்குழம்பு வைத்து, எங்கள் மூன்று வீட்டுக்கும் தூக்குச்சட்டியில் அனுப்பி இருந்தார். கோவில்பட்டிக்காரர் அன்றைக்குத்தான் எனக்குப் போன் செய்தார்.

வருகிற தேய்பிறை நவமி ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது முக்கால் ஆறே முக்கால் மணி. ஐந்து மணிக்குக் கோளிவாடாவில் இருக்க வேண்டும் என்று பாவு சொல்லி இருக்கிறார். உயிர் இறால் ஆம்பூர்க்காரர் பொறுப்பு. மிதவைச் சட்டை நாலு வாங்கியாகிவிட்டது. அதைப் போட்டுக்கொண்ட பிறகுதான் படகில் கால் வைக்கலாம் என்பது அண்ணியின் உத்தரவு.